கிருபை டீச்சர் ஆட்சியைப் பிடித்த விதம்

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற பஸ்ஸில் ஏறி, இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக விரிந்து முடிகிற இடத்தில் இறங்கினால் பவளக்கரை. பேரூராட்சி, பதினைந்து வார்டு. பாதிப் பேருக்கு உப்பளத்தில் வேலை, மீதிப் பேருக்குக் கடலில். இந்த ஊரில் ஒரு புரட்சிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களே அவர்கள்தானே.

அன்றைக்கு முன்னால் நின்றவள் கிருபை. ஊருக்கு அவள் பி.டி. டீச்சர். பிறந்தது நாசரேத்தில். அப்பா, அம்மா, இரண்டு அத்தை, ஒரு சித்தப்பா என்று வீடு முழுக்க வாத்தியார்கள். பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது யாரையாவது திருத்திக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் வாலிபாலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிய ஒரே பிள்ளை இவள். மாவட்ட அணியில் ஆடினாள், உடற்கல்வி படித்தாள், பவளக்கரை பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து வந்தாள். சாத்தான்குளத்து ஜெர்சனைக் கட்டிக்கொண்டு அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். ஜெர்சனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. நாளெல்லாம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுஷன். கீழே இறங்கி வந்த பிறகும் அதிகம் பேச மாட்டார். வீட்டில் பேச்சு முழுவதும் கிருபையின் பங்கு.

அவள் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்துகிற குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து நேராக வரும். கடற்காற்று அதைக் கலைக்க முடியாது. திடலின் இந்தக் கோடியில் நின்று அவள் "வரிசை!" என்றால் அந்தக் கோடியில் வலை பின்னிக்கொண்டிருக்கிற ஆண்கள்கூட முதுகை நிமிர்த்துவார்கள்.

பள்ளிக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கடலை ஒட்டிக் கிடந்த பொதுத்திடல்தான் மைதானம். விடிகிற நேரத்தில் பெண்கள் அதன் வழியாக உப்பளத்துக்கு நடப்பார்கள். பகலில் மீன் காயும். சாயங்காலம் கிருபையின் பிள்ளைகள் நெட் கட்டுவார்கள். ஒருத்தர் நேரத்தில் இன்னொருத்தர் குறுக்கிடுவதில்லை. இதற்கு யாரும் சட்டம் போட்டதுமில்லை.

உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது திடலைச் சுற்றிச் சுவர் எழும்பியிருந்தது. சுவரில் இரும்பு கேட், உள்ளே தகரக் கொட்டகை. ஒரு இறால் கம்பெனியின் கிடங்கு அது. தற்காலிக அனுமதி என்று பேரூராட்சியில் எப்போதோ கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தீர்மானம் போட்டிருந்தார்களாம். ஊரில் கவுன்சிலே இல்லாத அந்தக் காலத்திலும் ஊரை நடத்தியவர் முன்னாள் தலைவர் ஆவுடையப்பன். கிருபை நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

ஆவுடையப்பன் முரட்டு ஆள் இல்லை. யார் வந்தாலும் நாற்காலி போடச் சொல்வார், காப்பி வரும். கலியாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பார். ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊரிடம் கேட்கிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

"டீச்சர், ஊருக்கு ஒரு கம்பெனி வந்திருக்கு. நம்ம பொம்பளையளுக்கு வேலை குடுத்திருக்கான். நீங்க பந்து வெளையாட எடம் கேக்கியளே."

"எடம் கேக்கல அண்ணாச்சி. இருந்த எடம் எங்கன போச்சுன்னு கேக்கேன்."

"பள்ளிக்கூடத்துல மொட்டை மாடி இருக்குல்லா?"

"மாடியில இருந்து பந்து விழுந்தா பொறக்கிக்கிடலாம். பிள்ளை விழுந்தா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காப்பி ஆறுகிறது என்றார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

வெளியே வந்தபோது ஆறுமுகத்தாய் வழிமறித்தாள். உப்பு வாருகிறவள், கிருபையைவிட ஐந்தாறு வயது இளையவள். கேட் வந்ததிலிருந்து பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு உப்பளம் போக வேண்டியிருந்தது. போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். ஏறிய வெயிலில் உப்புப் பாத்தியில் நிற்பது என்றால் கண்ணும் காலும் என்ன பாடுபடும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

"அண்ணாச்சி என்ன சொல்லுதாவ டீச்சர்?"

"காப்பி குடிக்கச் சொல்லுதாவ."

"எங்களுக்கும் அதேதான் சொன்னாவ," என்றாள் ஆறுமுகத்தாய். "நாங்க குடிச்சிட்டு வந்துட்டோம்."

இருவரும் ஒவ்வொரு கட்சி ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் ஆவுடையப்பனுக்கு ஒரு சொந்தமோ சிநேகிதமோ இருந்தது. கடைசியில் மிச்சம் நின்றது சைக்கிள் கடை மாடியில் இருந்த ஒரே ஒரு அறை. வாசலில், வெயிலில் நிறம் போன பலகை: கரையோர உழைப்பாளர் புரட்சிக் கட்சி.

அந்தக் கட்சியைத் தொடங்கியவர் சுதர்சனம். ஆழ்வார்திருநகரியில் கோயில் கைங்கரியக் குடும்பம். பாங்கில் வேலை பார்த்து, தொழிற்சங்கம் நடத்தி, கலியாணம் செய்துகொள்ளாமல், ஓய்வு பெறுவதற்கு முன்பும் பிறகும் புரட்சி ஒன்றையே நினைத்து வாழ்ந்தவர். நல்ல மனுஷர், நேர்மையில் அப்பழுக்கு இல்லாதவர் என்று ஊரே சொல்லும், ஓட்டுத்தான் போடாது. முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வகுப்பு எடுத்துவந்தார். கிருபையும் ஆறுமுகத்தாயும் போன அன்றைக்கு 'ஒரு புரட்சிக் கட்சி அதிகாரத்தைக் கைப்பற்றுவது எப்படி' என்று பாடம் நடந்துகொண்டிருந்தது. கேட்க நாலு பேர் இருந்தார்கள். உலகத்தில் எங்கெங்கே எந்தக் கட்சி எந்த மாளிகைக்குள் எப்படி நுழைந்தது, நுழைந்த மறுநாள் யார் யாரை மந்திரியாக்கியது என்று கண்முன்னே நடப்பது மாதிரி சொன்னார். கிருபை அசையாமல் கேட்டாள். முடிந்ததும் கையைத் தூக்கினாள்.

"தோழர், எல்லாம் வெளங்குது. நாம எப்ப ஆரம்பிக்கோம்?"

சுதர்சனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"சூழ்நிலை கனியணும் டீச்சர்."

"இங்கன வரதுக்கு முந்தி ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வந்தோம். உப்பளத்துல கனிஞ்சு அழுகிக் கெடக்கு."

அப்படித்தான் அவள் கட்சிக்குள் வந்தாள். அடுத்த வருஷங்களில் அந்த மாடி அறையில் கூட்டம் நிற்க இடம் இல்லாமல் போனது. கிருபை பேச்சாளர் இல்லை; அவளுக்குத் தெரிந்தது அணி கட்டுவது. யார் முன்னால் நிற்க வேண்டும், யார் பின்னால் தாங்க வேண்டும், யாருடைய கோபம் எதற்குப் பயன்படும் என்று பார்த்தவுடனே கணித்துவிடுவாள். தெருவுக்கு ஒரு ஆளாகப் பிடித்தாள். பிடித்தவர்களில் பாதி அவளிடம் ஆடிய பெண்கள். இப்போது பிள்ளை குட்டியோடு இருந்தார்கள்.

தேர்தல் வரப்போகிறது என்று உறுதியானபோது தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கீடு வந்தது. ஆவுடையப்பன் தன் மருமகளை நிறுத்துவார் என்று ஊருக்கே தெரியும். கட்சி கிருபையைக் கேட்டது. நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெர்சன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"அத்தான், வேலையை விடப் போறேன்."

அவர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார்.

"தோத்துட்டா?"

"தோக்க மாட்டேன்."

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்குக்கூட அது வேண்டாம்."

ஜெர்சன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மேல இருந்து பாத்தா கப்பல்ல எந்தப் பெட்டியை முதல்ல எடுத்தா அடுக்கு சரிஞ்சு விழாம இருக்கும்னு தெரியும். கீழ நிக்கவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுதுன்னா எடு," என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அந்தக் கட்சி பதிவுகூட ஆகாதது. அதனால் எல்லோரும் சுயேச்சையாகத்தான் நிற்க முடிந்தது. வார்டுக்கு ஒரு சின்னம். ஆறுமுகத்தாய்க்குத் தையல் மெஷின் வந்தது, கிருபைக்குக் கத்தரிக்கோல். புரட்சிக்குக் கத்தரிக்கோல் பொருத்தமா என்று சுதர்சனம் இரண்டு நாள் கவலைப்பட்டார். கிருபை வீடு வீடாகப் போனாள். பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. "அந்தக் கேட்டைத் தொறப்போம். ஊர் விசயத்தை ஊருக்கு முன்னாலயே பேசுவோம்" என்று இரண்டை மட்டும் சொன்னாள்.

2022 பிப்ரவரியில் ஓட்டு எண்ணினார்கள். டெபாசிட்டையே பார்த்திராத கட்சிக்கு ஏழு வார்டு. ஆவுடையப்பன் பக்கம் ஏழு. மீதி ஒன்று, மீனவர் தெருவில் தனியாக நின்று ஜெயித்த சூசை மச்சாது. தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்களுடைய ஓட்டு. ஆக, ஊரின் ஆட்சி சூசை மச்சாதுவின் ஒரு கையில் இருந்தது.

ஆவுடையப்பன் தன் ஏழு பேரையும் வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டு, முதலில் கிருபையின் வீட்டுக்குத்தான் வந்தார். துணைத் தலைவர் பதவியை வாங்கிக்கொண்டு ஒத்துப் போகலாமே என்றார். கிருபை நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள்.

"குடிங்க அண்ணாச்சி, ஆறுது," என்றாள்.

அவர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் கடற்கரைக்குப் போனாள். மச்சாது வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, அகன்ற தோள். சின்ன வயதில் சங்கு குளித்தவர். இப்போது காதில் மந்தம். ஆனால் தனக்கு வேண்டியது எதையும் கேட்காமல் விட்டவரில்லை.

"என்ன வேணும்னு கேக்க வந்திருக்கிய. அப்படித்தானே டீச்சர்?"

"ஆமா. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது."

"எங்க அப்பா காலத்துல எங்க தெருவுக்கு ரோடு கேட்டோம். மன்றத்துல பேசுனாங்க, இல்லன்னு வந்துச்சு. யாரு வேண்டாம்னு சொன்னான், எதுக்குச் சொன்னான்னு அவரு சாகும் மட்டும் தெரியல. கதவைச் சாத்திட்டுல்லா பேசுதானுவ." அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். "கதவைத் தொறந்து வச்சிப் பேசணும். ஊரு உள்ள வந்து உக்காரணும். உங்க கட்சிக்காரரு மாடியில முடிவு பண்ணிட்டு வந்து இங்கன கையைத் தூக்குத கதையும் நமக்கு வேண்டாம். இதுக்குச் சம்மதம்னா என் கை உங்களுக்கு."

கிருபை யாரையும் கேட்கவில்லை. "சம்மதம்," என்றாள்.

சுதர்சனத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு புரட்சிக் கட்சி நிபந்தனைக்குக் கட்டுப்பட்டா ஆட்சிக்கு வரும்? கட்சி முடிவெடுக்கும், மன்றம் நிறைவேற்றும். அதுதான் முறை" என்றார்.

"அண்ணாச்சி வீட்டுல முடிவெடுத்து மன்றத்துல நெறவேத்துனாங்க தோழர். வீடு மாறினா போதுமா?"

தலைவர் தேர்தல் முடியட்டும் என்று இருவரும் அதை அப்படியே விட்டார்கள்.

தலைவர் தேர்தல் நாள் வந்தது. பேரூராட்சி அலுவலக வளாகம் காலையிலேயே நிறைந்துவிட்டது. உப்பளத்தில் அன்றைக்கு வேலை நடக்கவில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். கடலுக்கும் யாரும் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஆவுடையப்பனின் ஆட்கள், பத்துப் பதினைந்து இளவட்டங்கள், தள்ளுவதற்கென்றே வந்தவர்கள். வேன் குற்றாலத்திலிருந்து நேரே வந்து நின்றது. ஏழு பேர் இறங்கி உள்ளே போனார்கள். கிருபையின் ஆட்களும் மச்சாதுவும் போக முயன்றபோது வாசலில் தள்ளுமுள்ளு. ஒரு பூந்தொட்டி உடைந்தது. யாரோ யாரையோ அடித்தார்கள். செருப்பு ஒன்று பறந்தது.

தேர்தல் நடத்த வந்திருந்த அதிகாரி வராந்தாவில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன் குனிந்து ஏதோ சொன்னார். அதிகாரி மைக்கை எடுத்தார். "சட்டம் ஒழுங்கு பிரச்சினை நீடித்தால் தேர்தலைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்க வேண்டிவரும்" என்றார்.

கிருபைக்கு ஆட்டம் அப்போது தெளிவாகத் தெரிந்தது. அண்ணாச்சிக்கு ஓட்டு வேண்டியதில்லை; சண்டை போதும். ஒத்திவைத்தால் மச்சாதுவை எப்படியாவது கரைக்க நாள் கிடைக்கும்.

சுதர்சனம் முகம் சிவக்க அவள் பக்கத்தில் வந்தார். கையில் கட்சிக் கொடி. "இதுதான் டீச்சர் அந்த நேரம்! ஜனம் நம்மகிட்ட இருக்கு. கதவைத் தள்ளிட்டு உள்ள போவோம். கொடியை மேல ஏத்துவோம். எவன் தடுக்கான்னு பாப்போம்!"

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அவ்வளவு ஜனம் ஒரு நெட்டு நெட்டினால் அந்தப் பழைய கதவு நிற்காது. முப்பது வருஷம் அவர் வகுப்பில் சொன்ன காட்சி கண்ணெதிரே தயாராக நின்றது. அவர் கொடிக்கம்பை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கிருபை பார்த்தாள். பயத்தால் இல்லை, ஆசையால். அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது.

"உள்ள போனா அவரு ஜெயிச்சாரு தோழர்," என்றாள். "அவரு கேக்கதே அதைத்தான்."

அவள் அலுவலகப் படிக்கட்டில் ஏறி ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மைக் கேட்கவில்லை.

"எல்லாரும் உக்காருங்க!"

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு முன்வரிசையில் நின்ற பெண்கள் சடக்கென்று தரையில் உட்கார்ந்தார்கள். அவளிடம் படித்தவர்கள் இல்லை, உப்பளத்துப் பெண்கள். ஆனால் அவர்களுக்கு நடுவே நின்ற பழைய மாணவிகளுக்கு முழங்கால் தானாக மடங்கிவிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"மூணாவது வரிசை, இடைவெளி விடு! பாதை வேணும். ஏளா இசக்கிச்செல்வி, பிள்ளையை மடியில வையி. கடைசியில யாரு நிக்கா? உக்காரு!"

வளாகம் அலை அடங்குவது மாதிரி கீழே இறங்கியது. உட்கார்ந்தவர்களுக்கு நடுவில், நேராக ஒரு பாதை உண்டாயிற்று. கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் ஆவுடையப்பனின் இளவட்டங்கள் மட்டும்தான். உட்கார்ந்திருக்கிற பெண்களைத் தள்ள அவர்களுக்குக் கை வரவில்லை. தள்ளுவதற்கு எதிரே ஆள் இல்லாமல் தனியாக நிற்பதும் கூச்சமாக இருந்தது. கிருபை அவர்களையும் விடவில்லை.

"ஏலே, உங்களுக்குத் தனியாச் சொல்லணுமா? அக்கா தங்கச்சி எல்லாம் தரையில இருக்கா. உக்காருங்கலே!"

ஒருவன் உட்கார்ந்தான். மற்றவர்கள் அவனை முறைத்தார்கள், பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரப் பெண் ஒருத்தியும் தன்னை மறந்து பாதி குனிந்துவிட்டு நிமிர்ந்தாள். அவளும் பவளக்கரைப் பள்ளியில் படித்தவள்தான்.

அப்படி ஒரு அமைதி அந்த வளாகத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. கடல் இரைவது கேட்டது. கிருபை அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சார், சட்டம் ஒழுங்கு நல்லா இருக்கு. தேர்தலை நடத்துங்க."

அதிகாரி ஜனத்தைப் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. ஆவுடையப்பனைப் பார்த்தார், அவர் தரையில் உட்கார்ந்திருந்த தன் இளவட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி உள்ளே போனார். நடுவில் உண்டான பாதையில் மச்சாது மடித்துக் கட்டிய வேட்டியோடு நிதானமாக நடந்து வந்தார். பின்னால் ஆறுமுகத்தாயும் மற்றவர்களும். சுதர்சனம் மட்டும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். கிருபை அவரைப் பார்த்ததும் அவரும் மெல்லக் கையூன்றித் தரையில் உட்கார்ந்தார்.

எட்டுக்கு ஏழு. கிருபை தலைவர். ஆறுமுகத்தாய் துணைத் தலைவர். வெளியே செய்தி வந்தபோதும் ஜனம் எழுந்திருக்கவில்லை. டீச்சர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் வராந்தாவுக்கு வந்து "எந்திரிங்க" என்று சொன்ன பிறகு எழுந்த சத்தம் பெரிய ரோடு வரைக்கும் கேட்டதாம்.

ஆட்சியைப் பிடித்தது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அமைப்பதற்குத்தான் பாடு. மறுநாளே சுதர்சனம் தலைவர் அறைக்கு வந்தார். ஊர் மக்களுக்கு ஒரு பிரகடனம் தயாராக வைத்திருந்தார்; அருமையான தமிழ். வாரா வாரம் கட்சி அறையில் கூடி எதை எதை நிறைவேற்றுவது என்று முடிவு செய்துகொண்டு மன்றத்துக்குப் போவது என்றார்.

"அது முடியாது தோழர். மச்சாதுவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"கட்சி இல்லாட்டா நீங்க இந்த நாற்காலியில இல்லை டீச்சர்."

"சத்தியமான வார்த்தை. ஆனா தரையில உக்காந்த ஜனம் இல்லாட்டா நாம ரெண்டு பேருமே இல்ல. அவங்களுக்கு நான் மன்றத்துலதான் பதில் சொல்லணும். நீங்களும் வாங்க. முன்வரிசையில உக்காருங்க. என் தப்பை எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"முப்பது வருஷம்," என்றார் சுதர்சனம். பிரகடனத்தை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கிருபைக்கு அன்று முழுவதும் மனசு சரியில்லை. ஆனால் தான் சொன்னது தப்பு என்று அவளுக்கு ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

முதல் மன்றக் கூட்டம் கதவைத் திறந்து வைத்து நடந்தது. கலியாண மண்டபத்திலிருந்து நாற்காலி வரவழைத்தும் போதவில்லை. ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்தார்கள். முதல் தீர்மானம், திடலின் கேட்டை எடுத்துப் பாதையைத் திறப்பது. கைதட்டல் அடங்கவில்லை. அப்போது எதிர்ப்பக்கத்து உறுப்பினர் பேச்சிச்செல்வி எழுந்தாள்.

"தலைவரம்மா, கேட்டை எடுங்க. ஆனா கம்பெனியையே காலி பண்ணணும்னு அடுத்த வரியில போட்டிருக்கிய. அங்கன எறா உரிக்கிற பொம்பளைங்க எங்க தெருக்காரங்க. அவங்களை எங்க கொண்டு வைப்பிய?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற சில பெண்களின் முகத்தைக் கிருபை பார்த்தாள். கையுறை போட்டு ஊறிப்போன விரல்கள் கம்பியைப் பிடித்திருந்தன. நேற்றுவரை அவர்கள் தன் கண்ணில் படவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஆவுடையப்பன் அன்றைக்குக் காப்பியோடு சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்திருக்கிறது.

"நியாயமான கேள்வி," என்றாள். அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், பேச்சு நடந்தது. வெளியே நின்ற பெண்களையும் உள்ளே கூப்பிட்டுப் பேச வைத்தாள். முடிவில் கேட்டும் கடல்பக்கச் சுவரும் போவது, கொட்டகை மட்டும் வேறு இடம் தயாராகும்வரை ஓரத்தில் இருப்பது என்று தீர்மானம் மாறியது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "சமரசம்!"

சுதர்சனம்தான். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

"சமரசம்தான் தோழர்," என்றாள் கிருபை. "வேற வழி இருந்தா வந்து சொல்லுங்க. கேக்கோம்."

அவர் நடந்து முன்னால் வந்தார். வழி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொட்டகை எவ்வளவு காலம் இருக்கலாம் என்று ஒரு கெடு வைக்காவிட்டால் அது என்றைக்கும் அங்கேயே நிற்கும், தற்காலிகம் என்ற சொல்லை வைத்துத்தானே முதலிலேயே ஏமாற்றினார்கள் என்று கேட்டார். கூட்டம் ஆமோதித்தது. ஒரு வருஷம் என்று கெடு சேர்ந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது, பேச்சிச்செல்வியின் கையும்.

அந்த வாரமே கேட் இறங்கியது. விடியற்காலையில் உப்பளத்துப் பெண்கள் திடலைக் கடந்து நடந்தார்கள். கிடங்கும் வருஷம் முடிவதற்குள் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. இறால் உரிக்கிற பெண்கள் வேலையை இழக்கவில்லை. மீனவர் தெருவுக்கு ரோடு வந்தது. சாக்கடை வேலை பாதியில் நிற்கிறது. அதைப் பற்றி மன்றத்தில் கிருபை மாதம் தவறாமல் திட்டு வாங்குகிறாள். அதிகம் திட்டுகிறவர் சுதர்சனம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறது. முன்னைவிடக் கூட்டம் அதிகம். இப்போதெல்லாம் வெளிநாட்டு மாளிகைகளைவிட்டுவிட்டு அடுத்த மாத மன்றக் கூட்டத்தில் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்.

போன வருஷம் கிருபை ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். மீன் மார்க்கெட்டைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாற்றலாம் என்று அவளுக்கு உறுதியான எண்ணம். மாதக்கணக்கில் அதற்காக அலைந்திருந்தாள். மன்றத்தில் மீன் விற்கிற பெண்கள் வரிசையாக எழுந்து, தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, கடலைவிட்டு எட்டிப்போனால் மீன் கெட்டுவிடும் என்று பிடித்துக்கொண்டார்கள். ஓட்டெடுப்பில் தீர்மானம் தோற்றது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் மச்சாதுவின் கையும் இருந்தது, ஆறுமுகத்தாயின் கையும் இருந்தது. கூட்டம் முழுவதும் தலைவரைப் பார்த்தது.

"தீர்மானம் தோல்வி," என்றாள் கிருபை, ஜெயித்த நாளில் பேசிய அதே குரலில். "அடுத்தது, குப்பை வண்டி."

கூட்டம் முடிந்து ஆறுமுகத்தாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "டீச்சர், கோவமா?"

"எதுக்குளா? நீ சொன்னது சரியா இருக்கும்னுதான் தோணுது. நிழலை நான் யோசிக்கல."

வீட்டுக்குப் போனபோது ஜெர்சன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"தோத்துட்டியாமே?"

"ஆமா அத்தான். நல்லாத் தோத்தேன்," என்றாள் கிருபை. "பசிக்கி. மீன் இருக்கா?"